பதினாறு கண்ணை மூடின மறுநாள்

மேட்டூர்ல தண்ணி தொறந்தா பூ தூவுறதை எல்லா டிவியிலயும் காட்டுவாங்க. தண்ணிய நிறுத்துன மறுநாள் எப்படி இருக்கும்னு யாரும் காட்டுறதில்லை. நான் பாத்தேன். அதான் இந்தப் பதிவு.

2024 ஜூலை ஆரம்பத்துல 40 அடி சுமாருக்குக் கெடந்த அணை, 30-ம் தேதி 120 அடியத் தொட்டுச்சு. பதினாறு கண் மதகு வழியா லட்சம் கனஅடிக்கு மேல பாயுது. குடும்பத்தோட போய் வேடிக்கை பாத்து, மொளகா பஜ்ஜி தின்னுட்டு வந்தோம். ஆகஸ்ட்ல வரத்து கொறஞ்சு மதகை எறக்கினதும், சும்மா பாத்துட்டு வரலாம்னு தனியா போனேன். (வீட்டுல "வேற வேலை இல்லையா?"ன்னுதான் கேட்டாங்க.)

அந்த உபரிநீர் போற வழி வருசத்துல பாதிக்கு மேல வெறும் பாறை. முந்தாநாள் வரைக்கும் இரைச்சல் காது அடைச்ச எடத்துல, இப்ப குழிக்குழியா தண்ணி. ஒவ்வொரு குழியிலயும் மீன் துடிக்குது. பசங்க கொசுவலையும் பழைய வேட்டியுமா எறங்கி அள்ளிட்டிருக்காங்க. வெயில் ஏற ஏற, யார் கண்ணுலயும் படாத சின்னக் குழியில எல்லாம் வெள்ளை வயிறு மேல தெரிய ஆரம்பிச்சது. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுங்க. நாத்தம் வேற.

வலையோட ஒரு பெரியவர் பாறையில உக்காந்திருந்தார். "வெள்ளத்துல இவ்ளோ மீன் செத்துருச்சுங்களா?"ன்னு கேட்டேன்.

"வெள்ளம் வந்தா மீனு பொழச்சுக்கும் கண்ணு. நிறுத்துறாங்க பாரு, அதுலதான் சாவுது" அப்படின்னார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சா, பெரியவர் சொன்னதேதான். நம்ம ஆத்து சேல்கெண்டை, வெண்கெண்டை வகையறா எல்லாம் புதுவெள்ளம் வந்தாதான் கரையோர ஆழமில்லாத தண்ணியில ஏறி முட்டை போடும். முட்டை ஒரு நாள்ல பொரிஞ்சாலும், குஞ்சு கொஞ்ச வாரம் அந்த ஓரத்துலயேதான் வளரணும். அதுக்குள்ள தண்ணி மளமளன்னு எறங்குனா எல்லாம் காய்ஞ்சு போகும். தானா வந்த ஆடி வெள்ளம் மெதுவா வடியும். மதகு அப்படி இல்லை, எறக்குனா எறக்குனதுதான்.

ஜிலேபி மீன் மட்டும் எப்படித் தப்பிக்குது? தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வச்சுக் காப்பாத்துது! தண்ணி எறங்குனா குடும்பத்தை வாயில தூக்கிட்டுக் கிளம்பிடும். பூர்வீகம் ஆப்பிரிக்கா, 1952-ல இந்தியாவுக்கு வந்த மீன் அது. மேட்டூருக்குக் கீழ செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டைன்னு வரிசையா கதவணை கட்டி ஆறே குளம் மாதிரி ஆகிப்போச்சு. தேங்குன தண்ணிதான் அதுக்குப் புடிக்கும். அப்புறம் என்ன, ஊரே அதோடதுதான்.

உல்லம் மீன் கதை இன்னும் சோகம். கடல்ல இருந்து வெள்ளத்தை எதுத்து காவிரியில ஏறி வந்த மீன் அது. 1934-ல மேட்டூர் அணை வந்து வெள்ளம் கட்டுப்பட்டதும் அதோட வரத்தும் சுருங்கிப் போச்சு. கிழவிங்க சொல்லுற கதையிலகூட இப்ப உல்லம் வர்றதில்லை.

நார்வேயில இதே சிக்கல் ட்ரவுட் மீனுக்கு வந்திருக்கு. (நம்ம அவலாஞ்சியில 1907-ல வெள்ளைக்காரங்க பண்ணை வச்சாங்களே, அந்தக் குளிர்தண்ணி மீன்தான்.) மின்சாரத்துக்காக தண்ணிய விட்டு விட்டு நிறுத்துனதுல குஞ்சுங்க கூழாங்கல்லுக்கு நடுவுல மாட்டிச் செத்திருக்கு. அளந்து பாத்தவங்க, தண்ணி மணிக்கு 10 செ.மீ.க்கும் கம்மியா எறங்குனா சாவு பெருமளவு குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மதகைத் தொறக்கவே கூடாதுன்னு அவங்க சொல்லலை, மெதுவா மூடுங்கன்னுதான் சொன்னாங்க.

இங்க பாசனத்துக்கு ஒவ்வொரு கனஅடியும் சண்டை போட்டு வாங்குறது, தெரியும். 2023-ல தண்ணி இல்லாம அக்டோபர்லயே டெல்டாவுக்கு நிறுத்துனாங்க. அப்படிப்பட்ட வருசத்துல மீனுக்காக மெதுவா மூடுங்கன்னு கேக்க எனக்கே வாய் வராது. ஆனா அணை ரொம்பி, உபரின்னு பேர் வச்சு விடுற தண்ணியை ரெண்டு நாள் சேத்துப் படிப்படியா கொறச்சா யாருக்கு நட்டம்?

போன மாசம் பூலாம்பட்டி படகுத்துறையில பொரிச்ச மீன் வாங்கினேன். "ஆத்து மீனுங்களா?"ன்னேன். "ஆத்து மீனேதானுங்க, காலையில புடிச்சது"ன்னார் கடைக்காரர்.

தட்டைப் பாத்தேன். ஜிலேபி.