பிரேமன் தெரு

எங்கள் ரைன் நதி ஒரு கால்வாய். பாசி படிந்து, கோடையில் மூக்கைப் பொத்த வைக்கும் தண்ணீர். சின்சினாட்டியில் அதைத் தாண்டி வடக்கே ஜெர்மானியர்கள் குடியேறியதால் பேட்டைக்கே ‘ஓவர் தி ரைன்’ என்று பெயராகிவிட்டது. அசல் ரைனை அப்பா பார்த்ததே இல்லை. அவர் ஓல்டன்பர்க் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பதினெட்டு வயதில் பிரேமனில் போய்க் கப்பலேறியவர், இங்கே வந்து குடியிருந்ததும் பிரேமன் தெருவில். பாட்டி தன் கடித உறைகளில் அந்தத் தெருப் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுவாள். மகன் பக்கத்து ஊரில்தான் இருக்கிறான் என்று நினைப்போ என்னவோ.

அப்பாவுக்கு பீர் ஆலையில் பீப்பாய் செய்யும் வேலை. ஓக் பலகைகளை அனலில் வாட்டி வளைத்து, இரும்பு வளையம் இறுக்கி, உள்ளே கொதிக்கும் கீல் பூச வேண்டும். அந்தக் கீல் அவருடைய விரல் ரேகைகளில் ஏறியிருந்தது. சனிக்கிழமை இரவு கொழுப்பைத் தேய்த்துக் கழுவினாலும் போகாது. ஞாயிறு காலை அம்மா ‘கெட்டா’ பொரிப்பாள். ஓட்ஸ் நொய்யையும் பன்றி இறைச்சியையும் குழைய வேகவைத்து, ஆறி இறுகியதும் வில்லை போட்டு, வாணலியில் சிவக்க விடுவது. முறுகிய ஓரத்தை அந்தக் கறுத்த விரல்களால்தான் அப்பா பிட்டு எனக்குத் தருவார்.

1917 ஏப்ரலில் ஜெர்மனி மீது அமெரிக்கா போர் அறிவித்தபோது எனக்கு ஏழு வயது. பாட்டியின் கடிதங்கள் நின்றன. குடியுரிமைக்கு முதல் தாள் வாங்கியிருந்த அப்பா, மிச்சத்தை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். 1918 பிப்ரவரியில் பகை நாட்டவர் பட்டியலில் பதிந்துகொள்ளக் காவல் நிலையத்துக்குப் போனார். ரேகை எடுத்தார்களாம். திரும்பி வந்தவர் கையில் எது மை, எது கீல் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் தெருக்களின் முறை. பிரேமன் தெரு ரிபப்ளிக் தெருவானது, பெர்லின் தெரு உட்வர்ட் தெருவானது. ஜெர்மன் தெருவுக்கு இங்கிலீஷ் தெரு என்று பெயர் வைத்தவர் பெரிய குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

ஜூனில் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் பிறந்ததே சின்சினாட்டியில். ஜெர்மனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் 1907ஆம் வருஷத்துச் சட்டப்படி புருஷன் எந்த நாடோ பெண்டாட்டியும் அந்த நாடு. இதைவிடக் கோணலான சட்டத்தை அதன் பிறகும் நான் கண்டதில்லை. மாவு பிசைந்து வெளுத்த அவள் விரல்களில் மை பளிச்சென்று தெரிந்தது. உப்பு போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சை பிழிந்து தேய்த்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அமெரிக்கன் நான் ஒருவன்தான்.

போர் ஓய்ந்து, 1920 வசந்தத்தில் பாட்டியின் கடிதம் ஒன்று வந்தது. உறையில் பழைய பெயர், அதே கொட்டை எழுத்தில். தபால்காரர் யாரையும் விசாரிக்காமல் நேரே எங்கள் கதவைத் தட்டினார். அப்பா உறையைப் பிரிக்காமல் தெருப் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மதுவிலக்கு வந்து பீப்பாய் வேலை நின்றுபோயிருந்தது. அவர் விரல் வெளுத்து நான் பார்த்தது அப்போதுதான்.