ஊட்டிக்குப் போகுமுன் மூன்று கேள்விகள்

'காட்டேஜ்' என்றதும் அடுப்பங்கரையோடு தனி வீடு என்று நம்பி, ஊட்டியில் முன்பணம் கட்டிவிட்டோம். போய்ப் பார்த்தால் ஒரே ஓர் அறைதான்! 2,240 மீட்டர் உயரக் குளிரில் தங்கையின் கைக்குழந்தை வீறிட்டு அழ, பால்பவுடர் கரைக்க ராத்திரி பத்து மணிக்கு வெந்நீர் தேடி அலைந்தேன்.

அன்று கற்ற பாடம் இது. லாட்ஜில் பெரும்பாலும் அறை மட்டும்தான். சுற்றுலாக் கழகத்தின் 'ஓட்டல் தமிழ்நாடு' போன்றவற்றில் சாப்பாடும் கிடைக்கும். ஹோம்ஸ்டே என்றால் வீட்டுக்கார அம்மாவிடம் கொஞ்சம் கஞ்சி கேட்கலாம். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பங்களா கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கடையும் டாக்டரும் தூரம்.

பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். பணம் கட்டுமுன் கேளுங்கள்: வெந்நீர் எத்தனை மணி வரை? அடுப்பு உண்டா? டாக்டர் எவ்வளவு தூரம்? பிள்ளை நிம்மதியாகத் தூங்கினால்தானே நமக்கும் உல்லாசம்!