வீடு மாறுதல்



எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஆண்டு தொடங்கிய முதல் வாரங்களிலும் ஆண்டின் நடுவிலும் மாணவர் மாற்றப் படிவத்தைக் கேட்டு வரும் பெற்றோர் மிகுதி. காரணம் எழுத வேண்டிய கோட்டில் பெரும்பாலும் இரண்டே சொற்கள்: வீடு மாறுதல். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கோலா சாவா, ரந்தாவ், சிலியாவ் என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே முதியவர்களுக்குப் பால்மரமும் லயமும்தாம் நினைவுக்கு வரும். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் அவ்வீடு ஒருநாளும் குடியிருந்தவருக்குச் சொந்தமாகவும் இருந்ததில்லை. வேலை இருக்கும் வரையில்தான் வீடு. 1950களின் பிற்பகுதியில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் பல. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரியதொரு முயற்சிதான், ஆயினும் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் ஒரு சங்கத்தால் வாங்கிவிட முடியுமா?

பிறகு வந்தது மேம்பாடு. புத்ராஜெயா எழும்பியிருக்கும் மண், 1921இல் திறக்கப்பட்ட பெராங் பெசார் தோட்டத்தின் மண். உலகெங்கும் நடப்பட்ட 'பி.பி.' இரக ரப்பர்க் கன்றுகளின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அத்தோட்டத்தின் முதலெழுத்துகளே. 1990களில் அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுவர்கள் விரிசல் கண்டன. தரைவீடு கிடைக்கும் என்று நம்பியிருந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள். நாட்டின் நிருவாகத் தலைநகரத்துக்கே இடம் விட்டவர்களின் கதை இது.

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் செனவாங் தொழிற்சாலைகளிலும் நீலாய்க் கிடங்குகளிலும் வேலை செய்து, வாடகை அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். லயத்திலிருந்து ஒருமுறை வெளியேற்றப்பட்ட பாட்டிக்கு நேர்ந்தது, பேரனுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை நேர்கிறது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். வீட்டுக்காரர் விற்க முடிவு செய்வார், அல்லது மகன் திருமணத்துக்கு வீடு வேண்டும் என்பார், அல்லது வாடகையை நூறு வெள்ளி உயர்த்துவார்.

இடம் மாறுவதற்கு ஆகும் செலவைச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். மாத வாடகை 700 வெள்ளி என்றால், வழக்கமான இரண்டு மாதப் பிணைப்பணம் 1,400. நீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 350. முதல் மாத வாடகை 700. ஆக 2,450 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. பழைய வீட்டுப் பிணைப்பணம் திரும்பி வருவதற்கு முன்பே புதிய வீட்டுக்குக் கட்ட வேண்டும். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் கழிவு பிடிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, விளம்பரத்திலேயே 'இந்தியருக்கு இல்லை' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொலைபேசியைக் கீழே வைக்கும் தகப்பன் ஒருவர் வீட்டில் என்ன பேசுவார்? பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது.

என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அப்போதே அவன் குடியிருந்தது நான்காவது வீடு. பயிற்சிப் புத்தகங்களை மேசைக்கு அடியில் விட்டுச் செல்லாமல், நாள்தோறும் அனைத்தையும் பையில் திணித்துச் சுமந்து செல்வான். "இங்கேயே வைத்துவிட்டுப் போகலாமே, தம்பி" என்றேன். "வேணாங்க டீச்சர், திடீர்னு போயிட்டா எடுக்க முடியாது" என்றான். பத்து வயதுப் பிள்ளையின் முன்னேற்பாடு அது. அவன் புதிய நண்பர்களைத் தேடவும் இல்லை. சோம்பல் என்றும் கூச்சம் என்றும் இத்தகைய பிள்ளைகளைப் பற்றிப் பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது.

2024இல் வெளிவந்த டென்மார்க் நாட்டு ஆய்வு ஒன்று, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்டது. பத்து முதல் பதினைந்து வயதுக்குள் ஒருமுறை இடம் மாறியவர்கள் பிற்காலத்தில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, மாறாதவர்களைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுதல்; இருமுறையோ அதற்கு மேலோ மாறியவர்களுக்கு 61 விழுக்காடு. வறிய வட்டாரத்திலேயே என்றாலும், ஓரிடத்தில் நிலைத்திருப்பது பிள்ளைக்குக் காப்பாக அமைகிறது என்றும் ஆய்வாளர் கண்டனர். லயத்து வாழ்வைப் பொற்காலமாகப் போற்றுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுகும் கூரையையும் பொதுக்கழிப்பிடத்தையும் மறந்தவர்களே அப்படிப் பேச முடியும். ஆயினும் ஆயாக் கொட்டகையில் ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஆறாண்டும் ஒன்றாகவே படித்தார்கள் என்பதும் உண்மை.

தமிழ்ப்பள்ளிக்கு இதில் தனியான ஓர் ஆபத்து உண்டு. தேசியப் பள்ளி ஏறக்குறைய ஒவ்வொரு தாமானுக்கு அருகிலும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி அப்படி இல்லை; பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி, தோட்டம் போன பின்னும் அங்கேயே நிற்கின்றன. குடும்பம் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் குடியேறினால் வேன் கட்டணம் ஏறும். இரண்டு பிள்ளைகள் என்றால் இரட்டிப்பு. அப்பொழுது தாய், மனமில்லாமலேயே அருகிலுள்ள தேசியப் பள்ளியில் சேர்க்கிறார். அதைத் தமிழ்ப்பற்று இன்மை என்று மேடையில் பேசுவோர், அத்தாயின் வாடகைச் சீட்டை ஒருமுறை பார்க்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும், குடியிருப்பவரை நீதிமன்ற ஆணையின்றி வீட்டுக்காரர் தாமாக வெளியேற்ற முடியாது. 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு அதைத் தடுக்கிறது. பூட்டை மாற்றுவதும் சாமான்களை வெளியே வைப்பதும் முறையாகா. ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, முத்திரைத் தீர்வை செலுத்தி வையுங்கள். முத்திரையில்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், கதவு அனைத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இயன்றால், ஓராண்டுக்குப் பதில் ஈராண்டு ஒப்பந்தம் கேளுங்கள். வீடு தேடும்போது வாடகையோடு வேன் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. மாறிச் செல்லும் பிள்ளையிடம் ஒரு தாளில் அவன் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறான், எந்த எழுத்தில் இடறுகிறான், எதை விரும்பிப் படிக்கிறான் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலில் இவை இரா. சென்ற ஆண்டு வேறொரு பள்ளியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அத்தகைய தாள் ஒன்றைக் கொண்டு வந்து தந்தாள். 'இவளுக்குக் கதை சொல்ல வரும், கேளுங்கள்' என்று அதன் அடியில் எழுதியிருந்தது. கேட்டேன், அந்த வாரமே சபைகூடலில் அனைவர் முன்னிலையிலும் சொன்னாள்.