தனுஷ்கோடியில் ஒரு பகல்

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டபோது நாங்கள் மூவர்தான். ஆனால் எங்கள் நான்கு வயதுச் சிறுமியின் கேள்விகளையும் ஆட்கணக்கில் சேர்த்தால், முப்பது பேருக்குக் குறையாது! "ரயில் எங்கே, அப்பா?" என்று வழியெல்லாம் துளைத்தெடுத்தாள். முன்னாளில் போட் மெயில் இவ்வூர்வரை வந்ததென்றும், வந்தவர்கள் கப்பலேறித் தலைமன்னார் சென்றார்களென்றும் முதல் நாளே சொல்லி வைத்தது எங்கள் பிழை.

இடிந்த மாதா கோயிலையும், ஸ்டேஷனின் எஞ்சிய சுவர்களையும் கண்டோம். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாஸஞ்சர் வண்டியை, நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடல் கொண்டுபோயிற்று. இதைக் குழந்தையிடம் எவ்விதம் சொல்வது? "ரயில் இப்போது வருவதில்லை, அம்மா" என்று மட்டும் சொன்னோம்.

அரிச்சல்முனையோடு சாலை முடிகிறது. இடப்புறம் பாக் ஜலசந்தி அன்று குளம்போல் கிடந்தது. வலப்புறம் மன்னார் வளைகுடா சீறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்து நிமிர்ந்தோம். குழந்தையைக் காணோம்! சீறும் பக்கத்தில், இடுப்பளவு அலையில் அவள் தள்ளாடிக்கொண்டிருந்தாள். அவள் தாயார் பாய்ந்து பாவாடையைப் பற்றி இழுத்திராவிட்டால்... அதை எழுதக் கை கூசுகிறது.

அலை ஒரு செருப்போடு திருப்தியடைந்தது. எங்களுக்கோ வெகுநேரம் பேச்சே எழவில்லை. குழந்தைதான் கடலைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, என் செருப்பு தலைமன்னாருக்குப் போகுமா?"

"போகும்" என்றோம்.