பழைய நோட்டும் புதிய பைத்தானும்

நமது பென்னாகரத்தில் பாடப் புத்தகம் மாறினாலும் நோட்டுப் புத்தகம் இலேசில் மாறாது. அண்ணன் எழுதியதைத் தங்கை வைத்துப் படிப்பாள். அவளுக்குப் பின் அடுத்த வீட்டுப் பிள்ளை. கணக்குக்கும் சரித்திரத்துக்கும் இதனால் பாதகமில்லை. கம்ப்யூட்டர் பாடத்துக்கோ இது பெரிய சங்கடம்.

பழைய ‘ஸி ப்ளஸ் ப்ளஸ்’ நோட்டில், முதல் வரியின் வாலில் ஒரு புள்ளியும் ‘ஹெச்’ என்ற எழுத்தும் இருக்கும். 1998-இல் அந்தப் பாஷைக்கு உலகப் பொது விதி ஏற்பட்டபோதே அந்த வால் கழிந்தது. நமது பாடத்தில் பின்னும் பல வருஷம் அது ஆடிக்கொண்டிருந்தது. இன்று அதை அப்படியே தட்டினால் இயந்திரம் வாசலிலேயே மறித்துவிடுகிறது. “எனக்கு இது வராது, சார்” என்று பிள்ளை எழுந்துவிடுகிறது. வராதது அறிவா? அல்ல, வருஷந்தான் மாறிவிட்டது!

பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-இல் வந்த பைத்தானின் கதை இன்னும் ரஸமானது. அதன் மூன்றாம் பதிப்பு, பழையதோடு ஒத்துப்போகாது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே 2008 டிசம்பரில் பிறந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2020 ஜனவரி முதல் தேதி வரை ஆதரவு இருந்தது. பதினோரு வருஷம் மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ்!

‘ப்ரிண்ட்’ என்ற கட்டளைக்கு அடைப்புக்குறி இடாவிட்டால் மருமகள் உரக்கச் சண்டை பிடிப்பாள். அது நல்லதே, தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மாமியார் 3 என்பாள், மருமகள் 3.5 என்பாள். சண்டையே இல்லை, விடை மட்டும் வேறு. நாம் அஞ்சவேண்டியது இந்த மௌனத்துக்குத்தான்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்னவென்று கேட்டால், பழைய பதிப்பு சாதாரணமாக 15 என்னும். எழுத்தை விட்டு, அதைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணியதன் பலன். புதியது யூனிகோட் முறையில் 5 என்கிறது. நமது இலக்கணப்படி 3 தான். ஆயினும் வழி சரியானதே. புதியதில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரும் இடலாம். இதற்காகப் பழையதைக் கைவிட்டது தகும் என்றே நாம் கருதுகிறோம்.

1978-இல் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின்னும் பழைய அச்சை நம் கண் படித்துவிடுகிறது. இயந்திரத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆகவே நம் வகுப்பில் ஒரே ஒரு விதி: நோட்டின் முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே பதிப்பின் எண்ணும் வருஷமும் எழுதவேண்டும். அடுத்து அதைப் படிக்கப் போகும் தங்கை தன்னை மந்தமென்று எண்ணாதிருக்க, அந்த ஒரு வரி போதும்.