பாயிண்ட் கணக்கில் வராத வேலை

கானாடுகாத்தானில் அந்தச் செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று பின்தெருவரை நீள்கிறது. வாரிசுகள் கூடிப் புதுப்பிக்கிறார்கள். வயர்மேன்களின் வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

வளவுச் சுவரில் ஓடிய தேக்குப் பட்டையின் மூடியை மூத்த வயர்மேன் நெம்பி எடுத்தார். காடிக்குள் நூலுறை போட்ட ரப்பர் வயர். "தொடாத வரைக்கும் நல்லாத்தான் இருக்கும் சார்" என்றவர், அதை லேசாக வளைத்தார். ரப்பர் பொடியாக உதிர்ந்து செம்பு தெரிந்தது. சூட்டிலும் வயதிலும் ரப்பர் இறுகிவிடுகிறது. உள்ளே செம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் பழைய லைனில் புது வயரை ஒட்டுப்போடுவது ஆபத்து. ஜாயிண்ட் போட வயரை அசைத்தாக வேண்டும், அசைத்த இடத்தில் உறை விட்டுப்போகும். பாதி மாற்றிய வீட்டைவிட மாற்றாத வீடே மேல் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

மெயின் போர்டில் என்னை நெடுநேரம் நிறுத்தியவை இரண்டு பீங்கான் ஃபியூஸ்கள். ஒன்று பேஸில், ஒன்று நியூட்ரலில். அந்தக் காலத்தில் இரண்டிலும் போடுவது வழக்கம். கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குப் படிக்கும் பையனைக் கூப்பிட்டு மூத்தவர் நியூட்ரல் ஃபியூஸை உருவச் சொன்னார். பல்பு அணைந்தது. ஹோல்டரில் டெஸ்டரை வைத்தால் டெஸ்டர் எரிகிறது!

"லைட்டு எரியலைன்னா கரண்டு இல்லைன்னு நினைச்சுக் கை வைப்பியாடா?"

"மாட்டேண்ணே."

நியூட்ரலில் ஃபியூஸ் கூடாது என்பது இன்றைய விதி. பையன் அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறான். காரணத்தை அன்று கண்ணால் பார்த்தான்.

சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர்கள் இவை. காடி வெட்டினால் அந்த மெருகை மறுபடி கொண்டுவர ஆள் கிடைப்பது அரிது. எனவே தேக்கிலேயே புதுப் பட்டை இழைத்துச் சுவர்மேல் ஓட்டுகிறார்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. எல்லாவற்றோடும் இந்த வீடு இதுவரை காணாத பச்சை எர்த் வயர். கசிவைக் கண்டு துண்டிக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கடைசியில் 500 வோல்ட் மெக்கர் வைத்து உறையின் மின்தடையை அளந்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே இறங்காத லைனுக்கு மட்டுமே இணைப்பு.

இதெல்லாம் பின்னால். முதலில் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வரைபடம் கிடையாது. மாடி விளக்கு ஒன்று சமையற்கட்டு நியூட்ரலைக் கடன் வாங்கியிருக்கும். பட்டையைத் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு முனையாகக் கழற்றிச் சீட்டுக் கட்டி, ஏணியை நகர்த்தி நகர்த்தி ஒரு பகல் போனால் ஒரு அறை தெளியும்.

கூலியோ பாயிண்ட் கணக்கு. ஒரு விளக்கு ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் ஒரு பாயிண்ட். தேடிய பகலுக்கு அதில் இடமில்லை. உயிரைக் காக்கும் வேலைக்கே கூலி இல்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நட்டத்துக்கு அஞ்சித்தான் பலர் தேடாமலே பழையதில் ஒட்டுப்போட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த மூத்த வயர்மேன் பழைய வீடென்றால் தேடும் நாளுக்குத் தனியாக நாள்கூலி கேட்கிறார். "பட்டையெல்லாம் பிரிச்சுப் பார்க்காம ரேட்டு சொல்ல மாட்டேன் ஆச்சி" என்று வீட்டு ஆச்சியிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். ஆச்சி, "பாருங்க தம்பி, பார்த்துட்டே சொல்லுங்க" என்று அந்த நாள்களுக்கும் கூலி கொடுக்கிறார். அடுத்த தெருவில் இதே பேச்சைக் கேட்டவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.