முத்துக்குழை நங்கை

தைலவர்ணத்தில் முகம் எழுதக் கற்க விழைந்த யாம், ஹாலந்து தேசத்து வெர்மீர் 1665-ஆம் ஆண்டளவில் தீட்டிய முத்துக்குழை நங்கையின் சித்திரத்தைப் படியெடுக்கலானோம். பிறர் சித்திரத்தைப் பார்த்தெழுதுதல் களவென்பாரும் உளர். தூரிகையேந்தி ஒரு நாழிகை அமர்ந்தால் அங்ஙனம் கூறார். அவள் மூக்குத்தண்டிற்கும் அப்பாலுள்ள கன்னத்திற்கும் இடையே கோடே இல்லை! இரண்டும் ஒரே நிறமாய் இழைந்து கிடக்க, மூக்கினை நம் கண்ணே வகுத்துக்கொள்ளுகிறது. முத்தோ இரண்டொரு வெண்தீற்றல்: மேலே ஒளி, கீழே வெண்கழுத்துப்பட்டியின் சாயல், தொங்கவிடும் கொக்கியும் இல்லை.

கரிய பின்புலம் ஆதியிற் பச்சைத் திரையாயிருந்ததென்று 2018-இல் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆயின், படியெடுக்கத் தக்கது அவர் எழுதியதோ, காலம் விட்டுவைத்ததோ? யாம் கருமையையே எழுதினோம். ஒளிபெற்ற கன்னம் அதன்மேலன்றோ எழுந்து நிற்கிறது! வெறுங்கண்ணுக்குப் புலனாகாத இமைமயிரும் அவ்வாராய்ச்சியில் வெளிப்பட்டது. அதனை எழுத இன்னும் துணிந்தோமில்லை.